எண்ணிக்கைக்கு மட்டும் வாருங்கள்

அமெரிக்கப் பிள்ளைகள் படும் பாட்டைக் கேட்டால் கல்லும் கரையும். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம் முடியுமுன்பே பல்கலைக்கழகம் கடிதம் போட்டுவிடுகிறது: உனக்கு இடம் உண்டு, வா. பிள்ளைக்குக் கால் தரையில் நிற்பதில்லை. புத்தகத்தை மூடி வைக்கிறது, ஊர் சுற்றுகிறது, ஏ எடுத்த பாடத்தில் சி எடுக்கிறது. கோடையில் இறுதிப் புள்ளி அட்டை பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே ஓர் அதிகாரி அதைப் பார்த்து முகம் சுளித்து, “இது ஏன் இப்படி இறங்கியது?” என்று விளக்கம் கேட்டு எழுதுகிறார். விளக்கம் பிடிக்காவிட்டால் கொடுத்த இடத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வதும் உண்டு. கண்டி நகரத்துச் சர்வதேசப் பாடசாலைகளில் பிள்ளையைப் போட்டு, வெளிநாட்டுக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் சில வீடுகளிலும் இந்தக் காய்ச்சல் உண்டு என்று கேள்வி.

எவ்வளவு கொடுமை! நம்முடைய அரசாங்கத்துக்கு அப்படிப்பட்ட கல்நெஞ்சம் கிடையாது. கொடுத்ததைப் பறிக்கிற பாவத்தை அது ஒருநாளும் செய்ததில்லை. கொடுத்தால்தானே பறிப்பதற்கு.

இங்கே பன்னிரண்டாம் தரத்தில் நீங்கள் முதலாம் பிள்ளையா, பதின்மூன்றாம் தரத்தில் வழுக்கினீர்களா என்று எவரும் கேட்பதில்லை. தவணைப் பரீட்சைப் புள்ளி, அதிபரின் நற்சான்று, முன்னேற்ற அறிக்கையில் வகுப்பாசிரியர் சிவப்பு மையில் எழுதிய எச்சரிக்கை, எதையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு திரும்பிப் பார்ப்பதில்லை. பதின்மூன்று வருடப் படிப்பும் ஒரே ஒரு உயர்தரப் பரீட்சைக்குள் அடங்கிவிடுகிறது. மூன்று பாடம். பக்கத்துணையாகப் பொதுச் சாதாரணப் பரீட்சையில் முப்பது புள்ளி. பிறகு எல்லாவற்றையும் பிழிந்து ஒரு சொட்டு எடுக்கிறார்கள். அதுதான் இசட் புள்ளி.

அதன் செய்முறை சுத்தமானது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழிக்க வேண்டும். வருவதை நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடத்துக்கும் இப்படி வந்ததைக் கூட்டி மூன்றால் பிரிக்க வேண்டும். கடினமான தாள் எழுதியவனும் இலகுவான தாள் எழுதியவனும் ஒரே தராசில் நிற்பதற்காக 2001 முதல் இதைப் பாவிக்கிறோம். வகுத்துக் கொடுத்தவர் வேறெங்கோ இருந்தவரல்லர், நம் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில். கணக்கில் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நான்கு தசமத்தானம் வரைக்கும் அது பிள்ளையை அளக்கிறது. நான்காவது தானத்தில் ஒன்று குறைந்தவன் வைத்திய பீடத்துக்கு வெளியே நிற்பான். ஒன்று கூடினவன் வெள்ளைக் கோட்டுத் தைப்பான். தங்கம் நிறுக்கிற கடையில்கூட இவ்வளவு துல்லியம் பார்த்ததில்லை.

அந்தக் கணக்குக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பிள்ளைக்குப் பௌதிகவியல் படிப்பிக்க ஆள் இருந்ததா, இல்லையா.

பேராதனைச் சந்தியில் கலஹா பஸ்ஸில் ஏறுங்கள். அந்த வீதி பல்கலைக்கழகத்தின் நடுவால் போகிறது. ஒருபக்கம் மகாவலி, ஒருபக்கம் ஹந்தானை மலை, இடையில் மரநிழலும் செனட் கட்டடமும். 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் இங்கே குடிவந்தது. இந்த நாட்டில் இதைவிட அழகான வளாகம் இல்லை என்று பார்த்தவர் எல்லோரும் சொல்வார்கள். கெம்பஸ் பிள்ளைகள் அங்கங்கே இறங்கிவிடுவார்கள். பஸ் நிற்காமல் மேலே ஏறிக் கலஹா, தெல்தோட்டை என்று போகும். அதற்கும் மேலே லூல்கந்துர. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டு, இந்த நாட்டின் தேயிலை வியாபாரத்தைத் தொடக்கிவைத்த தோட்டம். 2017 இல் அந்தச் செடிக்கு 150 வயது என்று நாடே விழா எடுத்தது. செடிக்கு வயது எண்ணத் தெரிந்தவர்கள், அதைக் கிள்ளியவளின் பேத்தி ஏன் அந்த பஸ்ஸில் செனட் கட்டடத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு மட்டும் போகிறாள் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

நம் நாட்டில் பாடசாலைகளுக்கும் சாதி உண்டு. விஞ்ஞானம் உட்பட உயர்தரம் எல்லாம் உள்ளது 1ஏபி. கலையும் வணிகமும் மட்டும் உள்ளது 1சி. பதினொன்றாம் தரத்தோடு கதவடைப்பது வகை 2. சின்னப் பிள்ளைகளோடு முடிவது வகை 3. தோட்டத்துப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கடைசி இரண்டு சாதி. உயர்தரம் வரை வளர்ந்தவற்றிலும் பல 1சியோடு நின்றுவிட்டன. ஆகவே தோட்டத்துப் பிள்ளையின் உயிரியல் புள்ளி கடைசி வருடத்தில் இறங்கிவிட்டது என்று யாரும் குறை சொல்ல முடியாது. இறங்குவதற்கு அங்கே உயிரியலே இல்லை. பார்த்தீர்களா, எவ்வளவு பாதுகாப்பான ஏற்பாடு!

இதையும் மீறி விஞ்ஞானம்தான் படிப்பேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை, முதல் பஸ்ஸைப் பிடித்து நகரத்துப் பாடசாலைக்கு வர வேண்டும். அங்கே இடம் கிடைத்தால் பிறகு பாடத்துக்குப் பாடம் டியூஷன். டியூஷன் காசு அம்மாவின் கையிலிருந்து வர வேண்டும். அம்மாவின் கைக்கு என்ன வருகிறது? ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வேண்டும் என்று வருடக்கணக்காக வீதியில் இருந்து கத்தி, 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் ஏறியது. பிறகு சம்பளம் கூடினாலும், அது கைக்கு வருவது முழுப்பேர், அதாவது முழுநாட் சம்பளம், விழுந்தால்தான். மழைக்காலத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்த மாதத்தில் இரசாயனவியல் வகுப்புக்குப் போகாமல் நின்ற பிள்ளைக்கு எத்தனை புள்ளி குறையும் என்று எந்தப் புள்ளிவிபரவியலாளரும் இன்னும் கணித்துச் சொல்லவில்லை.

சரி, ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஒரு ஏற்பாடும் இல்லையா? உண்டு, உண்டு. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்கள் இப்படிப் பிரிகின்றன: 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கு, 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கு ஏற்றபடி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் முல்லைத்தீவு இருக்கிறது, மொனராகலை இருக்கிறது, பதுளை இருக்கிறது, நுவரெலியா இருக்கிறது. கண்டி இல்லை. கண்டியில் பின்தங்கியவர் எவரும் இல்லை என்பது அரசாங்கத்தின் முடிவு. தலதா மாளிகை, வாவி, டிரினிட்டி, கிங்ஸ்வுட், தர்மராஜ, மகாமாயா, ஹில்வுட் எல்லாம் இருக்கும் ஊரில் பின்தங்க எவருக்கு மனம் வரும்?

புசல்லாவையைத் தாண்டி இறம்பொடைக்குப் போகும் வழியில் கண்டி மாவட்டம் முடிந்து நுவரெலியா தொடங்குகிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் லயம், அந்தப் பக்கமும் லயம். இந்தப் பக்கமும் அரைப்பேர், அந்தப் பக்கமும் அரைப்பேர். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை பின்தங்கியவன். இந்தப் பக்கத்துப் பிள்ளை கண்டிச் சீமான். கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் நுவரெலியா 1,800 மீட்டரைத் தாண்டிய உயரம், கண்டி 500 மீட்டரளவு. வைத்திய பீட வெட்டுப்புள்ளியில் பார்த்தால் அந்த உயரம் தலைகீழ். கண்டி எப்போதும் மேலே. எனவே தெல்தோட்டை மலையில் ஒற்றை மின்குமிழுக்குக் கீழே படித்த பிள்ளை, நூலகமும் ஆய்வுகூடமும் நூறு வருடப் பழைய மாணவர் சங்கமும் உள்ள பாடசாலைப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நின்று, ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். தாண்டாவிட்டால்? “பிள்ளை கடைசி நேரத்தில் கோட்டை விட்டுவிட்டது” என்பார்கள். அப்பா சாராயத் தவறணையை விட்டு எழும்பாதவர் என்பார்கள். தோட்டத்தாருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று மேசை போட்டுக் கருத்தரங்கு வைப்பார்கள், தேநீருடன்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்க வேண்டும்.

மாவட்டத்துக்குரிய 55 வீதம் சனத்தொகைப்படி பிரிக்கப்படுகிறது என்றேன் அல்லவா? 2012 குடிசன மதிப்பீட்டில் கண்டி மாவட்டத்துச் சனத்தொகை 13 இலட்சத்து 75 ஆயிரமளவு. அதற்குள் கலஹாவும் உண்டு, தெல்தோட்டையும் உண்டு, ரங்கலையும் மடுல்கலையும் உண்டு, நாவலப்பிட்டித் தோட்டங்களும் உண்டு. குடிசன மதிப்பீட்டு உத்தியோகத்தர் லயத்துக்கு லயம் ஏறி, குழந்தை குஞ்சு விடாமல் எண்ணிக்கொண்டு போகிறார். அந்தத் தலைகளும் சேர்ந்துதான் கண்டிக்கு இத்தனை வைத்திய இடம், இத்தனை பொறியியல் இடம் என்று கணக்காகிறது. தலை இங்கிருந்து போகிறது. கதிரை நகரத்தில் நின்றுவிடுகிறது. மலையில் சனம் எவ்வளவு கூடுதலோ, நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கு இடமும் அவ்வளவு கூடுதல். கொழுந்துக் கூடையில் நாங்கள் போட்டது போதாதென்று, பல்கலைக்கழகக் கூடையிலும் நாங்களே நிறை சேர்த்துக் கொடுக்கிறோம். இதற்குக் கைக்காசும் கிடையாது.

இந்த வித்தை இன்று நேற்றுப் பிறந்ததல்ல. 1947 தேர்தலில் மலையகத் தமிழர் வாக்களித்தார்கள். நாவலப்பிட்டியிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் கே. இராஜலிங்கம் பாராளுமன்றம் போனார். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன் பின்னாலேயே வாக்குரிமையும் போனது. 1952 இல் அந்த ஆசனங்களில் எங்களவர் ஒருவரும் இல்லை. ஆனால் தொகுதி பிரிக்கிற கணக்கு மட்டும் மாறவில்லை. 75,000 பேருக்கு ஓர் உறுப்பினர், 1,000 சதுர மைலுக்கு இன்னோர் உறுப்பினர் என்பது விதி. “பேர்” என்றால் வாக்காளர் இல்லை, மொத்தச் சனத்தொகை. வாக்கில்லாத தலைகளும் அதில் எண்ணப்பட்டன. அதனால் மலைநாட்டுக்கு ஆசனம் கூடியது; ஆசனத்தில் இருப்பவரைத் தெரிவுசெய்யும் உரிமை வேறு ஆட்களுக்குக் கிடைத்தது. நாடற்றவன் என்று எழுதி வைத்தவனின் தலையை நாட்டின் பாராளுமன்றத்துக்கு அளவுகோலாக்கிய திறமையை உலகில் வேறெங்கே காண்பீர்கள்?

1974 இல் மாவட்ட ஒதுக்கீடு பல்கலைக்கழகத்துக்கு வந்தபோதும் அதே தராசுதான். மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை. தோட்டங்களில் இருந்தவர்களில் இலட்சக்கணக்கானோர் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் “உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு” என்று பிரிக்கப்பட்டு, எந்த நாட்டுக் கடிதமும் இல்லாமல் நின்ற காலம் அது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே அந்த எழுபதுகளில்தான். உயர்தர வகுப்பைக் கண்ணால் காணாத சமூகத்தின் தலைகளைக் கொண்டு மலைநாட்டு மாவட்டங்களின் பல்கலைக்கழக இடங்கள் பெருகின. 2003 இல் குடியுரிமைச் சிக்கல் சட்டப்படி தீர்ந்துவிட்டது. எண்ணிக்கைச் சிக்கலைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. வாக்குப் போடாதே, எண்ணிக்கைக்கு மட்டும் வா என்றார்கள் அன்று. கெம்பஸ் வராதே, எண்ணிக்கைக்கு மட்டும் வா என்கிறார்கள் இன்று. வளர்ச்சி இல்லையென்று எப்படிச் சொல்வது?

மாவட்ட ஒதுக்கீட்டுக்கு முன்னே நடந்தது இன்னும் வெளிப்படையானது. 1971 இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 400 இல் 227 போதும். தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். மிருக வைத்தியத்துக்கு 181, எதிரே 206. அந்த அநியாயம் முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணம் கொதித்தது, அந்தக் கொதிப்பு இந்த நாட்டின் சரித்திரத்தையே மாற்றியது. இன்றைய அநியாயத்துக்கு முகம் இல்லை. அது மொழி கேட்பதில்லை, இனம் கேட்பதில்லை. மாவட்டம் மட்டும் கேட்கிறது, மிக மரியாதையாக. கொதிப்பதற்கும் யாரும் இல்லை.

மாவட்ட ஒதுக்கீடே வேண்டாம் என்று இதை எவராவது திரித்துச் சொல்வார்கள். சொல்லட்டும். அது இல்லாவிட்டால் முல்லைத்தீவிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் ஒரு வைத்தியர் வர இன்னும் ஒரு தலைமுறை ஆகும். நுவரெலியாப் பிள்ளைக்குக் கிடைப்பதில் ஒரு தசமத்தையும் நாங்கள் கேட்கவில்லை. அந்த ஒதுக்கீட்டுக்காகவே வெளி மாவட்டத்துப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்ப் பதிகிற கெட்டிக்காரர்களைப் பற்றி நுவரெலியாக்காரர் வருடாவருடம் முறையிடுகிறார்கள். அவர்கள் கோபம் எங்கள் கோபத்தின் கூடப்பிறந்தது. எங்கள் கேள்வி வேறு. வறுமையை அளக்க மாவட்ட எல்லையைக் கோலாக எடுத்தது யார்? ஒரே மாவட்டத்துக்குள் 1ஏபி பாடசாலையும் வகை 2 பாடசாலையும் இருப்பது கல்வி அமைச்சுக்குத் தெரியும். அந்த வகையை எழுதிக் கொடுத்ததே அமைச்சுதான். தெரிந்த பிறகும் பிள்ளை எந்தப் பாடசாலையில் படித்தது என்று கேட்காமல், எந்த மாவட்டத்தில் படித்தது என்று மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

கடைசி வருடத்தில் புள்ளி இறங்கினால் கேள்வி கேட்பதுதான் உலக வழக்கு என்றால், அந்த வழக்கை இங்கே அரசாங்கத்திடமிருந்து தொடங்குவோம். அதன் முன்னேற்ற அறிக்கை இதோ:

கணிதம்: தசமத்தானம் நான்கு வரைக்கும் அதிதிறமை. தமிழ்மொழிமூல விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடத்தைக் கூட்டச் சொன்னால் மட்டும் தலை சுற்றுகிறது.

புள்ளிவிபரவியல்: 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒரே குவியலில் கொட்டி இசட் புள்ளி எடுத்தது. மாவட்ட நிலைகளையும் பிழையாக வெளியிட்டது. 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்த இசட் புள்ளியை இரத்துச் செய்தது. பிள்ளைகள் ஒரு வருடம் தொங்கினார்கள். இந்தப் பாடத்தில் பெயில்.

நேரந்தவறாமை: 2022 பரீட்சையை 2023 இல் நடத்தியது, அதுவும் மின்வெட்டோடு. பரீட்சைக் காலத்தில் மின்வெட்ட வேண்டாம் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு கேட்க வேண்டி வந்தது. பெறுபேறு செப்டெம்பரில். முன்னேற்றம் இல்லை.

ஒழுக்கம்: 2024 ஜனவரியில் விவசாய விஞ்ஞானத் தாள் பரீட்சைக்கு முன்பே வெளியே போய்விட்டது. தாளை இரத்துச் செய்து மீண்டும் எழுதச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதிக்கும் வேளையில் கவனிக்கவும்.

மனிதாபிமானம்: 2015 அளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்து, மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு கொடுத்தது. ஆசிரியருக்குக் கொடுப்பது உதவியாளர் காசு, பிள்ளையிடம் கேட்பது பேராசிரியர் புள்ளி. வெட்கப்படவும்.

சுற்றாடல்: இதைக் கேலியாக எழுதக் கை வரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. உயிர்களை அதிகம் இழந்த மாவட்டங்களில் கண்டி ஒன்று. மலை சரிந்தது, வீதி போனது, மீதித் தாள்கள் 2026 ஜனவரிக்குப் போயின. புதைந்த லயத்திலிருந்து எழுந்து வந்து எழுதிய பிள்ளையும், மேல்மாடி அறையில் திகதி மாறியதைப் போனில் பார்த்த பிள்ளையும் ஒரே சராசரிக்குள் போனார்கள். மண்சரிவுக்கு நியம விலகல் இல்லை.

இந்த அறிக்கையோடு ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலிலாவது நிற்க முடியுமா? விளக்கம் கேட்டிருப்பார்கள், இடத்தைப் பறித்திருப்பார்கள். அரசாங்கத்துக்கோ வருடாவருடம் வகுப்பேற்றம்.

நம்மவர்களையும் விட்டுவிடக் கூடாது. மலையகப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு தேர்தலிலும் மேடையில் கட்டி முடிக்கப்படுகிறது. பெறுபேறு வந்த மறுநாள் இடிக்கப்படுகிறது. 2023 இல் மலையகத்தாருக்கு 200 வருடம் நிறைந்தபோது, சாதாரண சனங்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை வெயிலில் நடந்தார்கள். தலைவர்கள் வாகனத்தில் வந்து மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். கண்டி மாவட்டத்துக்குள் ஒரு தோட்டப் பாடசாலையை 1சியிலிருந்து 1ஏபிக்கு உயர்த்தக் கையெழுத்து வாங்குவதற்கு மாலை தேவையில்லை, வாகனமும் தேவையில்லை. ஒரு பேனா போதும். அந்தப் பேனாவைத்தான் காணவில்லை. வெட்டுப்புள்ளி தவறினாலும் காசுள்ளவன் சீனாவிலோ பங்களாதேஷிலோ ரஷ்யாவிலோ வைத்தியம் படித்துவிட்டு வருவான். அவன் அப்பாவுக்குப் பாராளுமன்றத்தில் கேள்வி எழுப்பத் தேவையில்லை. தேவையுள்ள அப்பா பிரட்டுக்களத்தில் நிற்கிறார்.

மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு சிறு யோசனை. பெரிய செலவில்லை. பிள்ளை படித்த பாடசாலையின் வகையையும் விண்ணப்பத்தில் கேளுங்கள். கண்டிக்குரிய இடங்களில் ஒரு பங்கை வகை 2, 1சி பாடசாலைகளில் படித்து வந்தவர்களுக்குள்ளேயே போட்டிக்கு விடுங்கள். அந்தத் தலைகளால் கூடிய இடங்கள் அவை. பிச்சை அல்ல, கணக்கு. அதற்கு முன்பே அந்தப் பாடசாலைகளுக்குப் பௌதிகவியல் ஆசிரியரை அனுப்பினால் இன்னும் உத்தமம்; அப்போது நான்கு தசமத்தை ஐந்தாக்கினாலும் ஆட்சேபம் இல்லை.

இதுவும் முடியாதென்றால், உண்மையையாவது எழுதிவிடுங்கள். அடுத்த வருட மாணவர் கைந்நூலில், கண்டி மாவட்டத்துக்குக் கீழே ஒரு வரி போதும்: “இம்மாவட்டத்துக்குரிய இடங்களைத் தீர்மானிக்கும்போது தோட்டங்களில் வசிப்போர் சேர்த்துக்கொள்ளப்படுவர், அவ்விடங்களை வழங்கும்போது சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார்.” மூன்று மொழியிலும் அச்சிடுங்கள். எழுபத்தைந்து வருடமாகச் செய்துவருவதை எழுதுவதற்கு என்ன கூச்சம்?